காட்டிக்கொடுக்காத இருக்கைகள்

வேலையிடத்தில் பாஸக்கா உட்கார்ந்ததை நான் ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஓயாமல் நின்று உழைத்த மனுஷி என்று யாரும் உருகிவிட வேண்டாம். ஒரு நாளில் பாதி நேரம் அவர் உட்கார்ந்துதான் இருந்தார். நமக்குத்தான் தெரியாது.

எப்படி என்று சொல்கிறேன். இடுப்பில் எப்போதும் ஒரு படங்கு கட்டியிருப்பார். கொழுந்தெடுக்கிற பெண்கள் தேயிலைச் செடி கீறாமல் இருக்கக் கட்டிக்கொள்ளும் தடித்த துணி அது. ஸ்பிரிங்வெளி தோட்டத்தை விட்டுப் பதுளை டவுனுக்கு மேசன் வேலைக்கு வந்து வருஷக்கணக்காகியும் படங்கு மட்டும் இடுப்பை விட்டு இறங்கவில்லை. மணல் சலிக்கிற இடத்தில் ஒரு காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து, படங்கைச் சுற்றி விரித்துவிடுவார். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு பெண் குனிந்து நின்று மும்முரமாக மணல் சலிப்பதாகத்தான் தெரியும். நான் அவர் வேலை செய்த டவுன் பூங்காவின் ஓவசியர். வேலையாட்களை மேற்பார்வை செய்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். எனக்கே இது தெரியவர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதுவும் ஒருநாள் வாளி உடைந்ததால்தான். அன்றைக்கும் அவர் விழுந்ததைத்தான் பார்த்தேன். விழுந்ததை உட்கார்ந்த கணக்கில் சேர்க்க முடியாது.

"என்னக்கா, அடிபட்டிருச்சா?" என்று ஓடினேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. வேற யாரும் பாத்தாங்களா?" என்றார்.

கொத்தனார், தச்சர் எல்லாரையும் எங்கள் பக்கத்தில் பாஸ் என்று கூப்பிடுவோம். இவர் பெண் என்பதால் பாஸக்கா ஆனார். வரவுப் பதிவில் ஒழுங்கான ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். காலை ஏழு மணிக்கு என் அலுவலக வாசலில் வந்து நின்று, "பெரட்டுக்கு வந்துட்டேன் தம்பி" என்பார். பெரட்டு என்பது தோட்டத்தில் விடிந்ததும் ஆள் எண்ணுகிற இடம். எங்கள் பூங்காவில் எண்ணுவதற்கு அவரும் இரண்டு புல்வெட்டுகிறவர்களும்தான் இருந்தார்கள். என்றாலும் பெரட்டு பெரட்டுதான்.

உட்காருவதைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. "உக்காரலாம் தம்பி. ஆனா மாட்டிக்கிறக் கூடாது."

அந்தச் சட்டம் பிறந்த கதையை மழைக்கு ஒதுங்கிய ஒரு பகலில் சொன்னார். இளம் வயதில் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது கால் விரலிடுக்கில் அட்டை ஏறிவிட்டதாம். பிடுங்குவதற்காக ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்கிறார். கங்காணி அந்த நிமிஷம் பார்த்து மேலே ரோட்டில் வந்து நின்றிருக்கிறார். "கடிச்ச அட்டைக்கு ஒண்ணுமில்ல. எனக்கு அன்னைக்கு அரைப்பேரு" என்றார். அரைப்பேர் என்றால் பாதி நாள் வேலைதான் செய்ததாகப் பதிவது. அதற்குப் பிறகு அவர் மலையில் உட்கார்ந்தபோதெல்லாம் ரோட்டைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். கையில் ஏதாவது வேலை இருப்பது மாதிரியும் உட்கார்ந்தார். பக்கத்தில் கொழுந்தெடுத்த பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். மாட்டிக்கொள்ளாமல் உட்காருவதில் அந்த மலையே தேறிவிட்டதாக அவருக்கு ஒரு பெருமை உண்டு.

ஒருமுறை என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றாள். பாஸக்கா முதலில் வாசலைப் பார்த்தார். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினார். பிறகு, "போஞ்சி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். பீன்ஸைத்தான் எங்கள் பக்கத்தில் போஞ்சி என்போம். ஒரு கிலோ போஞ்சியை மடியில் கொட்டி நார் உரித்துக்கொண்டே அரைமணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். போஞ்சி முடிந்ததும் எழுந்துவிட்டார். "இன்னும் கொஞ்சம் இருங்கக்கா" என்றதற்கு, "வேற போஞ்சி இருக்கா?" என்றார். மனைவி பக்கத்து வீட்டில் போய்க் கடன் வாங்கி வந்தாள். மூன்று நாள் எங்கள் இரண்டு வீட்டிலும் போஞ்சிதான்.

இப்படிப்பட்ட மனுஷியிடம்தான் நாங்கள் பூங்காவுக்கு பெஞ்சு செய்யச் சொன்னோம்.

பூங்காவைக் கவனிக்க ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்த ஒரு சபை இருந்தது. தலைவர், கடைவீதியில் சிமெந்தும் கம்பியும் விற்கிற ஒரு ஹாஜியார். கனத்த உடம்பு, கனிந்த மனசு, இரண்டு முழங்காலும் போய்விட்டவர். வெளிநாட்டில் இருக்கிற பேரன் அவருக்கு ஏதோ ஒரு பூங்காவின் படங்களை அனுப்பியிருந்தான். இலை வடிவத்தில், அலை வடிவத்தில், விரித்த கை வடிவத்தில் இருக்கைகள். மனுஷன் அன்று இரவு தூங்கவில்லையாம்.

"நம்ம பூங்காவுலயும் இப்புடி ஏழு வேணும், தம்பி. சிமெந்து நான் தாறன். பாக்கிறவன் அசந்து போவணும்" என்றார். கொழும்பிலிருந்து கலைஞரைக் கூப்பிடலாம் என்று சபையில் சிலர் சொன்னார்கள். நான்தான் குறுக்கே விழுந்து, "நம்ம பாஸக்கா இருக்காங்க" என்றேன். வடிகானின் வாயில் அவர் சிமெந்தில் ஒரு தவளை செய்து வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பாம்பு வந்திருக்கிறது. அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

பாஸக்கா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுல உக்காந்தா தூரத்துலருந்து தெரியுமா தம்பி?"

"நல்லா தெரியும்கா. அதுக்குத்தானே இது."

"அப்ப வேணாம்" என்று போனைத் திருப்பித் தந்தார். "நான் வேற மாதிரி செய்றேன். ஏழு தானே?"

அந்தக் கேள்வியில் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அதற்கு முந்தைய மாரியில்தான் பூங்காவின் மேற்சரிவில் மண் சரிந்து கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. அதைச் சரிசெய்கிற வேலை என் தலையில் விழுந்ததால் பெஞ்சுப் பக்கம் நான் போகவே இல்லை. அவர் கோழி வலையை வளைத்து, சாந்து பூசி, ஒவ்வொன்றையும் ஈரச் சாக்கால் மூடி வைத்திருந்தார். மட்டம் பார்க்க அவரிடம் இருந்தது மட்டக்கம்பு ஒன்றுதான். தேயிலைச் செடிகளின் மேல் படுக்க வைத்து எதுவரை கிள்ளலாம் என்று பார்க்கிற நீளக் குச்சி அது. பக்கத்து ஆஸ்பத்திரி கிளினிக்குக்குத் தோட்டங்களிலிருந்து வருகிற பெண்களைப் பிடித்து, முழங்காலுக்குப் பின்னால் அந்தக் கம்பை வைத்து உயரம் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். அந்தப் பெண்கள் கையில் கிளினிக் கொப்பி என்கிற நோட்டோடு மணிக்கணக்காகப் பூங்காவில் காத்திருப்பார்கள். ஏற்கெனவே இருந்த இரும்பு பெஞ்சில் ஒருவர்கூட உட்காரமாட்டார்கள். பெஞ்சுக்குப் பக்கத்தில், புல்லில், குத்தவைத்து இருப்பார்கள். டவுனில் நாலு பேர் பார்க்கக் கால் நீட்டி உட்காருவது அவர்களுக்குக் கூச்சம்.

மூன்று வாரம் கழித்துச் சாக்கை உருவினோம்.

ஒன்று, விறகுக் கட்டு. ஒன்று, அடுக்கிவைத்த கொழுந்துச் சாக்கு. ஒன்று, கறையான் புற்று. ஒன்று, வேரோடு சாய்ந்த மரம். ஒன்று, பெரிய பலாக்காய். ஒன்று, சாணிக்கூடை. ஏழாவது எங்கே என்று எனக்கே தெரியவில்லை. படிக்கட்டின் திருப்பத்தில் இருந்த இடிந்த மதில்தான் அது என்று அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். அரிசி கழுவிய தண்ணீரைத் தினமும் ஊற்றிப் பாசி வேறு பிடிக்க வைத்திருந்தார். எல்லாம் அச்சு அசலாக இருந்தன. எல்லாம் நமுனுகுலை மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூங்கா கேட்டைப் பார்த்தபடி இருந்தன. ஒவ்வொன்றிலும் வலது கைப்பக்கம் தேத்தண்ணிக் கோப்பை வைக்க ஒரு சின்னக் குழி. அலங்காரம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

"அக்கா, மலையப் பாக்கத்தானே ஜனங்க வாராங்க?"

"மலை எங்க தம்பி ஓடப்போவுது? கேட்லதான் ஆளு வரும்."

"இதுல உக்காந்தா உக்காந்த மாதிரியே இருக்காதேக்கா!"

"ஆமாங்க" என்றார், பரீட்சையில் பாஸானவர் மாதிரி. "வெறகு மேல உக்காந்தா வெறகு கட்டுற மாதிரி இருக்கும். புத்துக்கிட்ட உக்காந்தா சாமி கும்புடுற மாதிரி இருக்கும். சாமி கும்புடுறவள எந்தக் கங்காணியும் எந்திரின்னு சொல்லமாட்டான்."

அடுத்த வாரம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. பூங்காவில் குப்பை அள்ளப்படவில்லை என்று சபைக்கு ஒரு முறைப்பாடு போனது. சாக்கு மூட்டை, விறகு, சாணிக்கூடை என்று பட்டியலோடு. குப்பை டிராக்டர் வந்துவிட்டது. மூன்று பேர் சேர்ந்து கொழுந்துச் சாக்கைத் தூக்கப் பார்த்தார்கள். ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவரைச் சாய்ந்த மரத்தின்மேல் படுக்க வைத்தோம். "ஆளு சுகமா படுத்திருக்காரு பாருங்க" என்று பாஸக்கா என் காதில் சொன்னார். ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர் தினமும் காலையில் வந்து பலாக்காயைத் தட்டிப் பார்த்து, இன்னும் பழுக்கவில்லை என்று போய்க்கொண்டிருந்தார்.

ஹாஜியார் போனில் கத்தியது அலுவலகத்துக்கு வெளியே கேட்டது. "ஏழு பெஞ்சு கேட்டா ஏழு குப்பையா தாற? ஊர் சிரிக்குது! சனிக்கெழம நான் வாறன். மனுஷன் உக்காரக்கூடிய சாமானா இருந்தா ஈக்கட்டும். இல்லாட்டி அன்டைக்கே சம்மட்டிய போட்டு ஒடச்சிட்டு, கொழும்புல இரும்பு பெஞ்சு எடுப்பம். அந்த பாஸையும் நிப்பாட்டிருங்க!"

பாஸக்காவிடம் சொன்னபோது சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினார். "இந்த வேல போனா மறுபடி மலைக்குத்தான் ஏறணும் தம்பி. இந்த வயசுல என்னால முடியாது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஹாஜியார நடந்து வரச் சொல்லுங்க. கேட்டுக்குள்ள கார் வேணாம்" என்றார்.

சனிக்கிழமை ஹாஜியார் நடந்து வந்தார். பூங்கா என்றாலும் அது மலைதான். ஏற்றம், படி, திரும்பவும் ஏற்றம். பின்னால் சம்மட்டியோடு ஓர் ஆள். முன்னால் பட்டியலோடு நான். பாஸக்கா ஒரு கூடையில் பிளாஸ்கையும் கோப்பைகளையும் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்தார். ஹாஜியார் விறகுக் கட்டைப் பார்த்து, "இதுல மனுஷன் உக்காருவானா?" என்றார். சாக்கைப் பார்த்து அதையே சொன்னார். புற்று, மரம், பலா, கூடை எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. நான் சிபாரிசு செய்தது என் கண் முன்னாலேயே உடைபடப் போகிறது.

படிக்கட்டுத் திருப்பத்துக்கு வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பாஸக்கா ஒரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். ஹாஜியார் வாங்கிக்கொண்டே அப்படியே பின்னால் சாய்ந்து அமர்ந்தார்.

அமர்ந்து பேசினார். நன்றாகப் பேசினார். ஒரு வாய் குடிப்பார், கோப்பையைப் பக்கத்தில் வைப்பார், என்னை ஏசுவார், திரும்ப எடுத்துக் குடிப்பார். "ஆறுதான் காட்டியிருக்கிய. ஏழாவது எங்க? சிமெந்து ஏழுக்குத்தானே குடுத்தன்? சரி, அத வுடுங்க. மொதல்ல இந்த ஒடஞ்ச மதில அகத்துங்க. எத்தின நாளா இப்புடி கெடக்குது! அசிங்கம்!" என்று தான் உட்கார்ந்திருந்ததைத் தட்டிக் காட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். பாஸக்கா என் பாதத்தில் ஓங்கி மிதித்தார். அவர் காலில் சப்பாத்து. என் காலில் ரப்பர் செருப்பு.

"சொல்லிடுவோம்கா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன். "சொன்னா எல்லாம் தப்பிச்சிரும்."

"உக்காந்திருக்கிற மனுஷன காட்டிக் குடுக்கிறதா?" என்று அவரும் முணுமுணுத்தார். "உடைச்சா உடைச்சிட்டுப் போறாங்க."

எனக்கு அப்போது அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஒரு வார்த்தையில் தப்பிக்கலாம். ஆனால் கண் கலங்கியபடி, உதட்டை இறுக்கிக்கொண்டு, அந்த மனுஷி ஹாஜியாருக்கு இரண்டாவது கோப்பை ஊற்றினார்.

ஹாஜியார் அதை வாங்கிக் குடித்து, கோப்பையை வைக்கப் போனார். கை தானாக அந்தக் குழிக்குப் போனது. பாதியில் நின்றது. குழியைப் பார்த்தார். கோப்பையை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். இரண்டு பாதமும் தரையில் சரியாகப் பதிந்திருந்தன. முதுகை அசைத்துப் பார்த்தார். மதிலும் முதுகும் பொருந்தியிருந்தன. நிமிர்ந்தபோது கேட் நேராகத் தெரிந்தது. கேட்டுக்கு வெளியே அவருடைய டிரைவர் காரில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

பிறகுதான் அவர் சுற்றிப் பார்த்தார். விறகுக் கட்டில் ஒரு பெண் மடியில் கிளினிக் கொப்பியோடு இருந்தாள். சாக்கில் இரண்டு பேர். புற்றின்மேல் ஒரு கிழவி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். பலாக்காயில் ஒருத்தி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"யா அல்லாஹ்! இவங்க எல்லாம் எப்ப வந்த?"

"நீங்க வரும்போதே இருந்தாங்க ஹாஜியார்" என்றேன். "அவங்களுக்கு முன்னாடி நின்னுதான் மனுஷன் உக்காருவானான்னு கேட்டீங்க."

ஹாஜியாருடைய வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மூன்றாவது கோப்பையும் குடித்தார். சம்மட்டிக்காரரைத் திருப்பி அனுப்பினார். "தங்கச்சி, நீங்க பெரிய ஆள்" என்று பாஸக்காவைப் பார்த்துச் சொன்னார். எழும்ப மட்டும் மனம் வரவில்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்லும்வரை அங்கேயே இருந்தார்.

ஆனால் நல்ல மனசுக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'இருக்கை' என்று மூன்று மொழியிலும் போர்டு வைக்கச் சொன்னார். போர்டு நட்ட அன்றைக்கு பாஸக்கா என்னோடு பேசவில்லை. கிளினிக் பெண்கள் போர்டைப் பார்த்துவிட்டுப் பழையபடி புல்லில் குத்தவைத்தார்கள். ஒரே வாரத்தில் ஏழு போர்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கொஞ்ச நாள் கழித்து, மண் குழைக்கிற இடத்தில் மணலுக்கு அடியில் மூன்று மொழியும் தென்பட்டன. நான் விசாரிக்கவில்லை.

எனக்கும் அந்தப் பூங்காவில் ஓர் இடம் இருந்தது. உரக்கொட்டிலுக்குப் பின்னால், மண்சரிவில் உருண்டு வந்து நின்ற ஒரு கல். பத்து மணித் தேத்தண்ணியை அங்கே போய்த்தான் குடிப்பேன். மேலதிகாரி வந்தால் முன்கூட்டியே தெரியும், எழுந்து உரத்தைக் கிளறுவதுபோல நின்றுவிடலாம். பாஸக்காவின் கொள்கை என்னையும் தொற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

முழங்கால் ஓய்ந்த பிறகு அவர் பண்டாரவளையில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார். போன மாதம் அந்த மகள் போன் செய்தாள். "அம்மா தவறிட்டாங்க மாமா" என்றாள். கடைசி நாட்களில் பூங்காவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாராம். "எட்டும் நல்லா இருக்கான்னு ஓவசியர் தம்பிகிட்ட கேளு, ஓவசியர் தம்பிகிட்ட கேளுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

"ஏழும்மா" என்றேன். "வயசாயிருச்சுல்ல. ஏழுதான்."

போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அலுவலகத்தில் புது மேலதிகாரி இருந்தார். அவர் முன்னால் அழக் கூச்சமாக இருந்தது. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உரக்கொட்டிலுக்குப் பின்னால் போனேன். கல்லில் உட்கார்ந்து, கோப்பையை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்துக் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினேன்.

கோப்பை ஒரு குழிக்குள் இருந்தது. வலது கைப்பக்கம்.

எழுந்து அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பாசியை நகத்தால் சுரண்டினேன். அடியில் கோழி வலையின் ஒரு நுனி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தது. ஹாஜியாரைச் சொல்லிச் சொல்லி எத்தனை பேரிடம் சிரித்திருக்கிறேன். அவராவது மூன்றாவது கோப்பைக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டார்.

திரும்ப உட்கார்ந்தேன். பாதம் இரண்டும் தரையில் சரியாகப் பதிந்தன. என்னை எப்போது அளந்தார், எந்த மட்டக்கம்பால் அளந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் புது மேலதிகாரி, "ஓவசியர்! ஓவசியர்!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் என்னைக் கடந்து போனார். "ஆளு எங்கயோ வேலையா இருக்காரு போல" என்று புல்வெட்டுகிறவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

பூங்காப் பதிவேட்டில் இருக்கைகள் ஏழு என்றுதான் இருக்கிறது. நான் திருத்தவில்லை.